எலும்பிலிருந்து தொடங்குங்கள்: வேலைக்குப் போய்க்கொண்டே உடற்கூறு கற்பவர்களுக்கு

பகலில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுனில் ஸ்கெட்ச் புத்தகம் என்று ஓடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முப்பது, நாற்பது வயதைத் தாண்டி ஓவியம் படிக்க வந்திருப்பீர்கள். ஆர்மீனியன் தெருக் கடைவீடுகளை ஜன்னல் ஜன்னலாக வரைந்துவிடுவீர்கள். அவற்றின் முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் ஓர் ஆளை நிறுத்தும்போதுதான் சிக்கல் தொடங்கும். தோள் கழுத்தோடு சேராது. கை எங்கே மடங்குகிறது என்று தெரியாது. கால்களை எப்படியோ முடித்துவிட்டுக் கைலியால் மூடிவிடுவீர்கள்.

அந்த இடத்தில் பெரும்பாலோர் தடிமனான உடற்கூறு புத்தகம் ஒன்றை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்ய உட்காருகிறார்கள். வளர்ந்த மனித உடம்பில் 206 எலும்புகள், அறுநூறுக்கும் மேற்பட்ட தசைகள். மருத்துவ மாணவருக்கு அவை அத்தனையும் வேண்டும். உங்களுக்கு வேண்டாம். குடும்பமும் வேலையும் உள்ளவரின் நேரத்தை அந்த வழி விழுங்கிவிடும். கையிலும் ஒன்றும் தங்காது. வெளியே தெரிவது எது, அசையும்போது மாறுவது எது என்ற இரண்டு கேள்விகளோடு படித்தால் பாரம் வெகுவாகக் குறையும். உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. இருபது ஆண்டுகள் மூட்டை தூக்கியோ, இயந்திரத்தின் முன் நின்றோ, பிள்ளையை இடுப்பில் சுமந்தோ பழகிய உடம்பு உங்களுடையது. எந்தச் சுமைக்கு எங்கே வலிக்கும் என்று அதற்குத் தெரியும். பதினெட்டு வயது மாணவருக்கு அந்த அறிவு இருக்காது.

தொடக்கத்தில் எலும்பு மட்டும் போதும். அதிலும், தோலுக்கு அடியிலேயே விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு முனைகள். கழுத்தடிக் குழி, அதன் இரு பக்கமும் போகும் காறை எலும்பு, தோள் நுனி, முழங்கை முனை, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்க மேடு, இடுப்பின் முன்பக்க முனைகள் இரண்டு, முழங்கால் சில்லு, முன்காலின் கூரான விளிம்பு, கணுக்கால் மேடுகள், தலையைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே துருத்தி நிற்கும் ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. ஆள் பருமனானாலும் ஒல்லியானாலும் இந்த இடங்கள் மாறுவதில்லை. பருமனானவரிடம் சில முனைகள் மேடாகத் தெரியாமல் குழியாகத் தெரியும், அவ்வளவுதான். குளித்துவிட்டு வந்ததும் கண்ணாடி முன் நின்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். தொட்டதை வரையுங்கள்.

தொட்டுப் பார்த்தவருக்குத்தான் சில விஷயங்கள் உறைக்கும். காறை எலும்பு நேரான கம்பி அல்ல. மேலிருந்து பார்த்தால் முன்னும் பின்னுமாக இரண்டு வளைவுகள் உண்டு. கணுக்காலில் உள்பக்க மேடு உயரமாக இருக்கும், வெளிப்பக்க மேடு தாழ்ந்து இருக்கும். இரண்டையும் ஒரே மட்டத்தில் வரைந்தால் பாதம் மரக்கட்டையாகிவிடும். கண்கள் இருப்பது தலையின் நடு உயரத்தில். புதிதாக வரைபவர்கள் எல்லோரும் அவற்றை நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். நிற்கும் மனிதரின் பாதி உயரம் ஏறக்குறைய கால்கள் பிரியும் இடத்தில் வரும். விரல்களைப் புறங்கைப் பக்கம் பார்த்தால் நீளம், உள்ளங்கைப் பக்கம் பார்த்தால் குட்டை. விரலிடைத் தோல் முதல் கணுவின் பாதி வரை ஏறி நிற்பதே காரணம்.

அடுத்து முன்கை. இதில் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும், ஏனென்றால் வளர்ந்த மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். இதற்கான வகுப்பு தினமும் காலையில் ரொட்டி சானாய் கடையில் நடக்கிறது. மாவை வீசுபவரின் கையைப் பாருங்கள். உள்ளங்கை மேலே பார்க்கும்போது முன்கையின் இரண்டு எலும்புகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், முன்கை அகலமாகத் தெரியும். கையைக் கவிழ்த்ததும் கட்டைவிரல் பக்கத்து ஆரை எலும்பு, சுண்டுவிரல் பக்கத்து அரந்தி எலும்பின் மேல் குறுக்காக ஏறிப் படுக்கும். அரந்தி எலும்பு தன் இடத்தை விட்டு அதிகம் நகராது. ஆரை எலும்புதான் சுழல்கிறது. கட்டைவிரல் போகும் பக்கம் ஆரை எலும்பு போகும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இதை உங்கள் கையிலேயே சோதிக்கலாம். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, முழங்கையின் வெளிப்பக்க மேட்டிலிருந்து கட்டைவிரல் அடி வரை பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பிறகு மெதுவாகக் கையைக் கவிழுங்கள். நேராக இருந்த கோடு முன்கையைச் சுற்றிக்கொண்டு திரும்பும். அந்தத் திருகலை வரையத் தெரிந்தவருக்குக் கரண்டி பிடித்த கை, மோட்டார் சைக்கிள் பிடியைத் திருகும் கை, சிலம்பம் சுற்றும் கை எல்லாம் வந்துவிடும். அதே கடையில் தே தாரிக் இழுப்பவர் ஒரு கையை உயர்த்தி மறு கையைத் தாழ்த்துவார். அது தோளுக்கான பாடம்.

கையை முழுதாகத் தலைக்கு மேல் தூக்கினால் மேற்கை எலும்பு மட்டும் அசைவதில்லை. முதுகில் கிடக்கும் தோள்பட்டை எலும்பும் கூடவே சுழல்கிறது. 180 பாகை உயர்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தோள் மூட்டிலிருந்து வருகிறது. மீதி ஒரு பங்கு தோள்பட்டை எலும்பின் சுழற்சி. அதனால்தான் தூக்கிய கையை வரையும்போது காறை எலும்பும் சேர்ந்து ஏற வேண்டும், முதுகில் தோள்பட்டையின் கீழ் முனை வெளிப்பக்கம் விலக வேண்டும். பலருடைய படத்தில் கை மட்டும் மேலே போயிருக்கும், தோள் பழைய இடத்திலேயே கிடக்கும்.

இதைக் கற்க தைப்பூசத்தை விட நல்ல நாள் பினாங்கில் கிடையாது. தண்ணீர்மலைப் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். பால்குடத்தைத் தலையில் தாங்கி ஏறுகிறவரின் கழுத்து எப்படி நேராகிறது, உயர்ந்த கைகள் விலா எலும்புகளை எப்படி இழுக்கின்றன, காவடியின் பாரம் இறங்கும் இடத்தில் பிடரித் தசை எப்படித் திரண்டு நிற்கிறது, படியில் ஊன்றிய காலின் ஆடுதசை எப்படி இறுகுகிறது, எல்லாம் கண் முன்னால் நடக்கும். ஆனால் ஒன்று: அது வழிபாடு. வேண்டுதலோடு வருபவரின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது சரியில்லை, வழியில் உட்கார்ந்து மறிப்பதும் சரியில்லை. ஓரமாக நின்று பார்த்து, ஓர் ஆளுக்கு நான்கைந்து கோடுகள் மட்டும் போட்டு, வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து முழுமையாக்குங்கள். நினைவிலிருந்து வரையும்போதுதான் எந்த எலும்பு உங்களுக்குத் தெரியவில்லை என்பது வெளிப்படும். மறுநாள் படிக்க வேண்டிய பாடமும் அப்படியே கிடைத்துவிடும்.

ஆடையில்லா மாடலை வைத்து வரையும் வகுப்பு மலேசியாவில் எளிதில் கிடைக்காது. ஆடை அணிந்த மாடலே வழக்கம். இதை ஒரு குறையாக எண்ணித் தயங்குகிறவர்கள் உண்டு. எலும்பு முனைகளைக் கற்றவருக்குத் துணி தடையாகாது. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களில்தான் துணி தொங்கத் தொடங்குகிறது, மடிப்புகளும் அங்கிருந்தே கிளம்புகின்றன. பரதநாட்டியப் பயிற்சியில் அரைமண்டியில் உட்காரும் பிள்ளையைப் பாருங்கள். தொடை எலும்பு இடுப்பு மூட்டிலேயே வெளிப்பக்கம் திரும்புகிறது, முழங்கால் பாதத்தின் திசையில் போகிறது. புடவைக் கட்டின் விசிறி மடிப்பு அந்தத் திருப்பத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும்.

தமிழ் மாணவருக்கு இன்னொரு பாடசாலை குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில். 1833இல் எழுந்த கோயில் அது. அதன் கோபுரச் சுதைச் சிற்பங்களை உடற்கூறு கண்ணோடு பார்த்தால் ஓர் ஐயம் வரும்: தசையே தெரியவில்லையே, ஸ்தபதிக்கு உடம்பு தெரியாதா? தெரியும். சிற்ப சாத்திரம் உடம்பைத் தாளம் என்ற முக அளவால் அளக்கிறது. ஒரு தாளம் 12 அங்குலம். நவதாளத்தில் உருவம் 108 அங்குலம், தெய்வ உருவங்களுக்கான உத்தம தசதாளத்தில் 124 அங்குலம். இந்த அங்குலம் உருவத்திலிருந்தே வகுக்கப்படும் அளவு, தச்சரின் அங்குலம் அல்ல. மேற்கத்திய ஓவியப் பள்ளிகள் தலையின் முழு உயரத்தை அலகாக வைத்து, சாதாரண மனிதருக்கு ஏழரை தலை, இலட்சிய உருவத்துக்கு எட்டு தலை என்று கணக்கிடுகின்றன. இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். ஒரு பகுதியை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கண்ணைப் பழக்குவது. தசையை ஸ்தபதி காட்டாதது அவர் தேர்வு. மூச்சு நிறைந்த, இறுக்கமில்லாத உடம்பே அவருக்கு வேண்டும். இரண்டு அளவுகளிலும் ஒரே உருவத்தை வரைந்து பாருங்கள். நான் சொல்லக்கூடிய பயிற்சிகளில் மிகப் பயனுள்ளது இதுதான்.

இந்த இரண்டு வழிகளும் சந்தித்த இடம் சென்னை. அங்கே 1850இல் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர் ஓர் அறுவை மருத்துவர். பின்னாளில் அதன் முதல்வரான தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாவில் நிற்கிறது. பாறையை நெம்பும் நான்கு பேரின் முதுகும் தொடையும் உடற்கூறு பாடமாகவே படிக்கத்தக்கவை. அந்தக் கல்லூரிக்குப் பினாங்கிலிருந்து போனவர் சையத் தாஜுதீன். 1943இல் ராமநாதபுரம் பக்கத்து அழகன்குளத்தில் பிறந்து, சிறுவனாகப் பினாங்குக்கு வந்து வளர்ந்தவர். 1970களின் தொடக்கத்தில் அவர் சென்னையில் படிப்பை முடித்தபோது வயது முப்பதை ஒட்டியிருந்தது. இராமாயணக் காட்சிகளையும் மலாய்க் காதல் கதைகளையும் பெரிய பெரிய ஓவியங்களாக வரைந்தார். அவருடைய உருவங்களின் நீண்ட கழுத்தும் சாய்ந்த கண்ணும் அஜந்தாவை நினைவூட்டும். எலும்பு அறிந்த கை அங்கே வளைவைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. உருவத்தை மாற்றி வரைய ஆசைப்படுகிறவர்கள் முதலில் மாற்றாமல் வரையக் கற்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

புத்தகம் ஒன்று போதும், இரண்டு அதிகம். உடம்பைக் கட்டை கட்டையாகப் பிரித்துக் காட்டுவதற்கு ஜார்ஜ் பிரிட்ஜ்மேன். தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று துல்லியமாகப் பார்க்க எலியட் கோல்ட்ஃபிங்கர். புத்தகம் வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்டான் புரோகோபென்கோவின் யூடியூப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. பொறுமையாகத் தேடினால் பழைய மருத்துவப் பாடநூல் அகப்படக்கூடும். கீழே இறங்கியதும் ஆட்டின் தோள்பட்டை எலும்பு ஒன்றைக் கேட்டு வாங்கி வேகவைத்துச் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மனிதத் தோள்பட்டையை விட ஒடுங்கி நீண்டிருக்கும். ஆனால் தட்டையான பலகை, நடுவே ஓடும் முகடு, மூட்டுக் குழி மூன்றும் உண்டு. கையில் திருப்பித் திருப்பி வரைய அதைப் போல் மலிவான மாதிரி கிடையாது. மனித எலும்புக்கூடு வேண்டுமானால் பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். ஒரு காலத்தில் உலகத்தின் மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடுகள் பெரும்பாலும் கல்கத்தாவிலிருந்து போயின. எங்கிருந்து, யாருடைய சம்மதத்தில் எடுத்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத வியாபாரம் அது. 1985இல் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது. பழைய பொருள் கடையில் யாராவது உண்மையான எலும்பைக் காட்டினால் வாங்காதீர்கள்.

நேரத்தைப் பற்றி: ஷிப்ட் முடிந்து வந்து இரண்டு மணி நேரம் உட்காருவது நடக்காது. தினமும் இருபது நிமிடம் நடக்கும். இரண்டு வாரத்துக்கு உடம்பின் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வார நாள்களில் அந்தப் பகுதியின் எலும்பு, பிறகு அதன் மேல் இரண்டு மூன்று பெரிய தசைகள். வார இறுதியில் வெளியே போய் அதே பகுதி அசைவதைப் பார்த்து விரைவாக வரையுங்கள். அர்பன் ஸ்கெச்சர்ஸ் பினாங்குக் குழுவினரோடு சேர்ந்தால் துணைக்கு ஆள் இருக்கும், திருத்தச் சொல்பவரும் இருப்பார். இரவு ஷிப்ட் வாரத்தில் புதிய பாடம் எதையும் எடுக்காதீர்கள். பழையதையே திரும்ப வரைந்தால் போதும்.

முறையாகப் படிக்க நினைத்தால் குளுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலைப் பள்ளி இருக்கிறது. தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. எஸ்.பி.எம். மதிப்பெண் போதவில்லை என்று ஒதுங்காதீர்கள். மலேசியத் தகுதி முகமையின் ஏபெல் திட்டத்தில் வேலை அனுபவத்தையும் தேர்வையும் கணக்கில் எடுத்து அனுமதி தருகிறார்கள். இளங்கலைக்குக் குறைந்தது 21 வயது, முதுகலைக்கு 30. சேருமுன் கல்லூரியிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: உருவ வரைவுக்கு வாரம் எத்தனை மணி நேரம், மாடல் நேரில் வருவாரா, புகைப்படமா? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். பணத்துக்கு இன்னொரு வழி உங்கள் முதலாளி. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியர்கள் வேலை செய்யும் நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கார்ப் (மனிதவள மேம்பாட்டுக் கழகம்) லெவியாகக் கட்டுகின்றன. வேலையோடு தொடர்புள்ள பயிற்சிக்கு அதிலிருந்து திரும்பக் கேட்கலாம். பயிற்சிக்கும் உங்கள் வேலைக்கும் உள்ள தொடர்பை நீங்கள்தான் எழுதிக் காட்ட வேண்டும்.

தொடர்பு இருக்கிறது. பினாங்கில் மருத்துவக் கருவித் தொழில் பெரிது, பி. பிரவுன் நிறுவனம் 1972 முதல் இங்கே இயங்குகிறது. எந்த மருத்துவக் கருவிக்கும் பயன்பாட்டுக் கையேடு உண்டு, அதில் ஊசியையோ குழாயையோ பிடித்திருக்கும் கை உண்டு. அந்தக் கையைத் தெளிவாக வரையத் தெரிந்தவர் ஆவணப் பிரிவுக்குத் தேவைப்படுவார். வெளிநாட்டு நோயாளிகள் வந்து போகும் தனியார் மருத்துவமனைகளுக்கும் நோயாளிக்கு விளக்கும் படங்கள் வேண்டும். அனிமேஷன் பக்கம் போனால், உபின் இபின் 2007இல் தொடங்கி வைத்த பாதையில் போபோய்பாய், எஜென் அலி என்று மலேசியத் தயாரிப்புகள் வளர்ந்துவிட்டன. அங்கே தசை விவரத்தை விட அசைவும் பாரமும் தெரிந்தவருக்கே மதிப்பு. பச்சை குத்துபவர், தையற்காரர், உடற்பயிற்சி ஆசிரியர் ஆகியோருக்கும் இந்த அறிவு நேரடியாகக் காசாகும்.

வேலை கேட்டுப் போகும்போது கொண்டுபோகும் கோப்பு மெலிதாக இருக்கட்டும். முடித்து மெருகேற்றிய முகச்சித்திரங்களை அடுக்காதீர்கள். ஒரே ஆள் ஒரே வேலையைச் செய்யும் படங்கள் ஒரு பக்கம். அதன் அருகில் அதே நிலையின் எலும்பு வரைவு. அடுத்த பக்கத்தில் கைகள் மட்டும், பாதங்கள் மட்டும். அனிமேஷன் நிறுவனத்துக்கு 30 வினாடிக் கோடுகளையும் சேருங்கள். மருத்துவக் கருவி நிறுவனத்துக்கு அம்புக்குறியும் பெயர்க்குறிப்பும் போட்ட விளக்கப்படம் ஒன்றாவது வேண்டும். வயதானவர், குழந்தை, பருமனானவர் என்று உடம்புகள் மாறி மாறி இருக்கட்டும். ஆர்மீனியன் தெருவில் எர்னஸ்ட் ஜகாரெவிச் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகளைப் பாருங்கள். குழந்தை என்று நம்ப வைப்பது உடம்போடு ஒப்பிடும்போது தலையின் பெரிய அளவுதான். ஒரே அளவில் எல்லோரையும் வரைபவரைத் தேர்வாளர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

வேலை கிடைத்ததும் கையெழுத்துப் போடுமுன் ஹென்றி வான்டைக் கார்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 1858இல் வெளிவந்த கிரேயின் உடற்கூறு நூலுக்கு 363 படங்களை வரைந்தவர் அவர். உறுப்பின் பெயரை உறுப்பின் மேலேயே எழுதிய அவருடைய முறைதான் அந்த நூலை மாணவர்களிடம் கொண்டுசேர்த்தது. ஹென்றி கிரேக்கு விற்கும் ஒவ்வோர் ஆயிரம் படிக்கும் 150 பவுண்டு பேசப்பட்டது. கார்ட்டருக்கு ஒரே தடவை 150 பவுண்டு, அதோடு சரி. நூல் வெளிவந்த ஆண்டே அவர் பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். மதுரைப் பக்கத்தில் பரவியிருந்ததால் மதுரா பாதம் என்று பெயர் பெற்ற நோயை ஆராய்ந்து 1874இல் தனி நூலே எழுதினார். நூலின் பெயரில் இன்றும் கிரே மட்டுமே இருக்கிறார்.

மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் சொல்லி நீங்கள் வரைந்து கொடுக்கும் படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே போய்விடும். ஆகவே விலை பேசும்போதே நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: படம் எங்கெங்கே பயன்படும், எத்தனை ஆண்டுகளுக்கு, மறுபதிப்புக்குத் தொகை உண்டா, உங்கள் பெயர் எந்தப் பக்கத்தில் அச்சாகும். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள். மருத்துவர்கள் பார்க்கும் படத்தில் திருத்தம் நிச்சயம் வரும்.